தடை உத்தரவு வந்தால் முதலில் கையெழுத்தைப் பாருங்கள்

புயல் கரையைக் கடக்கும் நாள், திருவிழாவில் இரு தரப்பு மோதிக்கொண்ட மறுநாள், தொற்றுநோய் பரவும் வாரம். இப்படிப்பட்ட சமயங்களில் ஊரில் உத்தரவு போடுகிறவர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். ஆட்சியர் ஒன்று சொல்வார், இன்ஸ்பெக்டர் ஒன்று சொல்வார், வார்டு உறுப்பினர் மைக் பிடித்து ஒன்று சொல்வார், தெருமுனையில் கயிறு கட்டி நிற்கும் இளைஞர்கள் வேறொன்று சொல்வார்கள். எல்லோரும் சொல்லும் காரணம் அவசரம்தான். ஆனால் அவசரம் வந்துவிட்டது என்பதற்காகவே யாருக்கும் புதிதாக அதிகாரம் முளைத்துவிடாது. சட்டம் எந்தப் பதவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதோ, அந்தப் பதவியில் இருப்பவருக்குத்தான் அது உண்டு.

புதிதாக ஊராட்சி உறுப்பினர் ஆனவர்கள், சங்கச் செயலாளர்கள், உள்ளூர் நிருபர்கள், லாரியோ படகோ பொக்லைனோ வைத்துத் தொழில் செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாம் இந்தியச் சட்டம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாடு.

படி 1: எந்தச் சட்டம் என்று கண்டுபிடியுங்கள்

உத்தரவின் முதல் பத்தியிலேயே சட்டப்பிரிவு இருக்கும். இல்லையென்றால் அதுவே முதல் சந்தேகம்.

அரசியலமைப்பின் 352, 356 பிரிவுகளில் வரும் நெருக்கடி நிலைக்கும் உள்ளூர் உத்தரவுக்கும் சம்பந்தமில்லை. அவற்றைப் பிரகடனம் செய்பவர் குடியரசுத் தலைவர். அதிலும் 352-க்கு, 1978-ல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும். எந்த மாவட்ட அதிகாரியும் 'எமர்ஜென்சி' அறிவிக்க முடியாது.

உள்ளூரில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இவைதான்: நாம் இன்னும் 144 என்றே அழைக்கும் தடை உத்தரவு, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் கீழ் வரும் உத்தரவுகள், காவல் சட்டங்களின் கீழ் வரும் கட்டுப்பாடுகள், தொற்றுநோய்ச் சட்டம் 1897-ன் கீழ் மாநில அரசு போடும் விதிகள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடத் தகுதியானவர் வேறு. சில உத்தரவுகளில் மூன்று நான்கு சட்டங்களை அடுக்கி எழுதியிருப்பார்கள். அப்போது ஒவ்வொரு கட்டளையும் எந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கூட்டம் கூடாதே என்பது ஒரு சட்டத்தில் நிற்கலாம், வண்டியைக் கொடு என்பது அதே சட்டத்தில் நிற்காது.

படி 2: 144-ல் யார் கையெழுத்துப் போடலாம்?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.) அமலில் இருக்கிறது. பழைய 144 அதில் 163-வது பிரிவு. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. அது மூன்று பேரை மட்டும்தான் சொல்கிறது: மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்), உட்கோட்ட நடுவர், மாநில அரசு இதற்கென்றே தனியாக அதிகாரம் கொடுத்த வேறு நிர்வாக நடுவர்.

நம் ஊர் நடைமுறையில் மாவட்ட ஆட்சியர்தான் மாவட்ட நடுவர். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சார் ஆட்சியர் உட்கோட்ட நடுவர். ஆகவே உத்தரவின் அடியில் 'மாவட்ட ஆட்சியர்' என்று மட்டும் இருக்கிறதா, 'மாவட்ட நடுவர் மற்றும் மாவட்ட ஆட்சியர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 163-ன் அதிகாரம் நடுவர் என்ற தொப்பிக்குத்தான். பதவிப் பெயர் விடுபட்டதால் மட்டும் நீதிமன்றம் உத்தரவைத் தூக்கி எறிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எந்தத் தகுதியில் கையெழுத்திட்டார் என்று கேட்க அது ஒரு பிடி.

ஆட்சியர் மாறுதலாகிப் போய், புதியவர் இன்னும் வரவில்லை என்றால்? அந்த இடைவெளியில் மாவட்ட நிர்வாகத்தைத் தற்காலிகமாகப் பார்ப்பவர், அரசு வேறு உத்தரவு போடும்வரை, மாவட்ட நடுவரின் அதிகாரங்களைப் பயன்படுத்தலாம். சட்டத்தின் 14-வது பிரிவே அதற்கு வழி செய்கிறது. 'பொறுப்பு' என்று போட்டிருப்பதால் மட்டும் உத்தரவு செல்லாது என்று வாதாட முடியாது.

வட்டாட்சியர் விஷயத்தில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். தாசில்தார் ஒரு நிர்வாக நடுவர், உண்மைதான். ஆனால் நிர்வாக நடுவராக இருப்பது மட்டும் 163-க்குப் போதாது; அரசு இதற்கென்று தனியாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அவர் பெயரில் தடை உத்தரவு வந்தால், அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணை எது என்று கேட்பதில் தவறில்லை. கிராம நிர்வாக அலுவலருக்கோ வருவாய் ஆய்வாளருக்கோ இந்த அதிகாரம் கிடையாது. அவர்கள் உத்தரவைக் கொண்டுவந்து கொடுக்கலாம், ஒட்டலாம், ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லலாம்.

திருவிழாத் தகராறுகளில் இன்னொன்று நடக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பார்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட தீர்மானம் ஒன்று எழுதப்படும். மறுநாள் அந்தத் தாளையே காட்டி 'தாசில்தார் உத்தரவு' என்பார்கள். அது இரு தரப்பும் ஒப்புக்கொண்டதற்கான பதிவு. அதன் தலைப்பில் 163 என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பேச்சுவார்த்தைக்கே வராத மூன்றாவது ஆளை அந்தத் தாளை வைத்துத் தடுக்க முடியாது. அமைதி கெடும் என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் போய் முறையாக உத்தரவு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, போலீஸ்? மாவட்டங்களில் எஸ்.பி. 163-ன் கீழ் தடை உத்தரவு போட முடியாது. அவர் அறிக்கை கொடுப்பார், நடுவர் உத்தரவு போடுவார். மாநகரங்களில் நிலைமை வேறு. காவல் ஆணையருக்கு நிர்வாக நடுவரின் அதிகாரங்களை மாநில அரசு கொடுக்கலாம் என்று 14-வது பிரிவு சொல்கிறது. சென்னையில் இதற்கு மேல் 1888-ம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டமும் இருக்கிறது. அதன் 41-வது பிரிவின்படி ஆணையர் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதிக்கலாம், ஆனால் அரசின் ஒப்புதல் இல்லாமல் அது 15 நாட்களைத் தாண்டக் கூடாது. அதனால்தான் சென்னையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே அறிவிப்பு புதுத் தேதியோடு வந்துகொண்டே இருக்கும். பதினைந்து நாள் என்ற வரம்பை இப்படிச் சுற்றிக்கொண்டு போவது சட்டத்தின் நோக்கத்துக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தெரியவில்லை.

மாவட்டங்களில் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கும் '30(2) அமல்' என்பது 1861-ம் ஆண்டு காவல் சட்டம். கூட்டம், ஊர்வலம் நடத்த முன்கூட்டியே அனுமதி கேள் என்று சொல்ல அது இடம் கொடுக்கிறது. அங்கேயும் அமைதி கெடும் வாய்ப்பு உண்டா என்பது நடுவரின் கணிப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அனுமதி கேட்கச் சொல்வதற்கும் எல்லோரும் எங்கும் கூடக் கூடாது என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

காவல் துறைக்கு நடுவர் அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2013, 2014 ஆண்டுகளில் போட்ட அரசாணைகள் மூலம் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுக்கப்பட்டது. நன்னடத்தைப் பிணை வாங்குவது, அதை மீறியதாகச் சொல்லிச் சிறைக்கு அனுப்புவது எல்லாம் போலீஸ் அதிகாரியின் மேசையிலேயே நடந்தன. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தது. வழக்குப் போடுகிறவரும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆக, அரசாணை இருக்கிறது என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த அரசாணையைப் போட அரசுக்கே அதிகாரம் இருந்ததா என்ற கேள்வியும் உண்டு.

படி 3: உத்தரவின் உடம்பைப் படியுங்கள்

கையெழுத்து சரி என்றால் அடுத்து பார்க்க வேண்டியவை காரணம், எல்லை, காலம்.

163-ன்படி உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். விஷயத்தின் முக்கியமான உண்மைகளைச் சொல்ல வேண்டும். 'சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும் என்று தெரிய வருவதால்' என்ற ஒரு வரி உண்மை ஆகாது. எந்த இடத்தில், எந்தத் தேதியில், யாருக்கிடையில், என்ன நடந்தது அல்லது நடக்கப் போகிறது என்று இருக்க வேண்டும். ஜம்மு காஷ்மீர் கட்டுப்பாடுகள் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது: உத்தரவை வெளியிட வேண்டும், காரணம் அதிலேயே தெரிய வேண்டும், ஆபத்தின் அளவுக்கு மீறிய கட்டுப்பாடு கூடாது, நியாயமான கருத்தையோ குறையையோ சொல்வதைத் தடுக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது.

எல்லைக்கு ஓர் உதாரணம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போடப்பட்ட 144 நகரம் முழுமைக்கும் அல்ல. சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும். அடுத்த காவல் நிலைய எல்லையில் நின்றவருக்கு அந்த உத்தரவு பொருந்தாது. இப்படி நுணுக்கமாக எல்லை போட்டால் அதை மக்களுக்கு முன்கூட்டியே, தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பும் உத்தரவு போட்டவருக்கு வந்துவிடுகிறது. எந்தத் தெருவில் எல்லை முடிகிறது என்று நடந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

காலம்: அதிகபட்சம் இரண்டு மாதம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவரால் முடியாது. மாநில அரசுதான் அறிவிக்கை மூலம் நீட்டிக்க வேண்டும், அதுவும் முதல் உத்தரவு முடியும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபர் 30 தேவர் ஜெயந்தியையும் ஒட்டிப் போடப்படும் தடை உத்தரவுகளின் தேதிகளைக் கவனித்தால், இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே உத்தரவுக்குள் அடக்க இந்த இரண்டு மாத வரம்பு எப்படி உதவுகிறது என்று புரியும்.

முடிந்ததும் அதே காரணத்துக்கு இன்னொரு இரண்டு மாதம், பிறகு இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால்? கல்கத்தாவில் ஆனந்த மார்க்கம் என்ற மத அமைப்பினரின் தாண்டவ ஊர்வலத்துக்கு அப்படித்தான் நடந்தது. 1983-ல் உச்ச நீதிமன்றம், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி உத்தரவு போடுவது அந்தப் பிரிவைத் தவறாகப் பயன்படுத்துவது என்றது. இது திடீர் ஆபத்துக்கான கருவி, நிரந்தர நிர்வாகத்துக்கு அல்ல.

படி 4: பேரிடர் என்றால் கணக்கு வேறு

வெள்ளம், புயல், நிலச்சரிவு என்றால் 144-ஐவிட பேரிடர் மேலாண்மைச் சட்டம்தான் அதிகம் பயன்படும். இங்கே அதிகாரம் தனி ஆளிடம் இல்லை, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் இருக்கிறது. அதற்கு ஆட்சியர் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவர். காவல் கண்காணிப்பாளரும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியும் பதவி வழி உறுப்பினர்கள். இணைத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே பல ஊர்களில் அந்த இணைத் தலைவருக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

நள்ளிரவில் ஏரி உடையும்போது ஆணையத்தைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவசரத்தில் தலைவர் தனியாகவே ஆணையத்தின் அதிகாரங்களைப் பயன்படுத்தலாம் என்று 26-வது பிரிவு சொல்கிறது. ஆனால் பிறகு ஆணையம் கூடி அதற்கு ஒப்புதல் தர வேண்டும். புதிதாக ஆணைய உறுப்பினராகி இருப்பவர்கள் அந்த அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்புதலுக்கு வைக்கப்பட்டதா, வெறுமனே தகவலுக்கு வைக்கப்பட்டதா என்று தெரியும்.

ஆணையம் 34-வது பிரிவின் கீழ் பாதிக்கப்பட்ட பகுதிக்குள் ஆட்கள் நுழைவதையும் வாகனங்கள் போவதையும் கட்டுப்படுத்தலாம், இடிபாடுகளை அகற்றலாம், மீட்புக்கும் நிவாரணத்துக்கும் ஆட்களை அனுப்பலாம். 33-வது பிரிவின் கீழ் மாவட்டத்தில் உள்ள எந்தத் துறையையும் உள்ளாட்சியையும் வேலை செய்யச் சொல்லலாம்.

உங்கள் வண்டியைக் கேட்டால்? படகு, லாரி, பொக்லைன், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம். 65-வது பிரிவின்படி பொருட்கள், கட்டடம், வாகனம் ஆகியவற்றைக் கையகப்படுத்திப் பயன்படுத்த, அந்தச் சட்டப்படி அமைந்த மாநிலச் செயற்குழுவுக்கோ மாவட்ட ஆணையத்துக்கோ அவர்கள் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோ உரிமை உண்டு. அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 66-வது பிரிவின்படி இழப்பீடு உண்டு: கட்டடத்துக்கு அந்தப் பகுதி வாடகை, வாகனத்துக்கு அந்தப் பகுதியில் நடப்பிலுள்ள வாடகை. தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் மாநிலச் செயற்குழுவுக்கு மனுப் போட்டு, தொகையை முடிவு செய்ய மத்தியஸ்தரிடம் (ஆர்பிட்ரேட்டர்) அனுப்பக் கேட்கலாம்.

நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு வருவாய் ஊழியர் வந்து 'ஆட்சியர் சொல்லிட்டார், வண்டிய எடுங்க' என்பார். ஆட்கள் தண்ணீரில் தவிக்கும்போது தாளைக் கேட்டு நிற்பது நம் ஊர் வழக்கமும் இல்லை, சரியும் இல்லை. வண்டியைக் கொடுங்கள். கொடுக்கும்போதே வந்தவரின் பெயர், பதவி, வண்டி கிளம்பிய நேரம், மீட்டர் அளவு, டீசல் அளவு ஆகியவற்றைக் குறித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, 65-ன் கீழ் எழுத்து உத்தரவு கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் 66-ன் கீழ் வாடகை கேட்டால் 'நீங்களாகத்தானே உதவினீர்கள்' என்ற பதில் வரும்.

எதிர்த்து நின்றாலும் விளைவு உண்டு. நியாயமான காரணமில்லாமல் அதிகாரியைத் தடுப்பதோ உத்தரவுக்கு இணங்க மறுப்பதோ 51-வது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனால் உயிருக்கு ஆபத்து வந்தால் இரண்டாண்டு வரை.

மாநகராட்சிகளில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி வந்திருக்கிறது. அதில் மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். உங்கள் நகரத்தில் அது அமைக்கப்பட்டிருந்தால், யார் கையெழுத்து என்ற கேள்விக்கு விடை மாறும்.

படி 5: அதிகாரம் இல்லாதவர்கள்

ஊராட்சித் தலைவரிடமிருந்து தொடங்கலாம். பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்புக்காக உடனே செய்ய வேண்டிய வேலையை, ஊராட்சி மன்ற ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் செய்ய அவருக்கு வழி உண்டு: உடைந்த குடிநீர்க் குழாய், சாய்ந்த மரம், அடைத்த வாய்க்கால். செய்ததை அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 203-வது பிரிவு, ஊராட்சி செய்ய வேண்டிய வேலையை அவசரத்தில் ஆட்சியரே செய்யச் சொல்லிச் செலவை ஊராட்சி நிதியில் எடுக்கவும் இடம் கொடுக்கிறது. இவையெல்லாம் வேலை செய்வதற்கான அதிகாரங்கள். யாரும் வெளியே வரக் கூடாது, வெளியூர்க்காரர் உள்ளே வரக் கூடாது என்று ஆட்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதில் இல்லை.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது பல கிராமங்களில் முள்ளை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்தார்கள். பயத்தில் செய்தது, புரிகிறது. ஆனால் அந்த ஊரடங்குக்கு மத்திய, மாநில அரசுகளின் உத்தரவு இருந்தது. முள்வேலிக்கு எந்த உத்தரவும் இல்லை. ஆம்புலன்ஸ் நின்றுபோனால் வேலி போட்டவர்மேல்தான் வழக்கு வரும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதே கதைதான். சங்க விதி சங்க உறுப்பினர்களுக்கிடையில் செய்துகொண்ட ஏற்பாடு. வீட்டு வேலைக்கு வருகிறவரையோ வாடகைக்கு இருப்பவரையோ 'அவசர விதி' என்று சொல்லிச் சொந்த வாசலில் நிறுத்த அது போதாது. ஊர்க்கூட்டம் போட்டு ஒரு குடும்பத்தை ஒதுக்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இணையத்தைத் துண்டிப்பது இன்னொரு குழப்பம். 'கலெக்டர் நெட்டை நிறுத்திவிட்டார்' என்பார்கள். ஆட்சியருக்கு அந்த அதிகாரமே இல்லை. தொலைத்தொடர்புச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தும் விதிகளின்படி (2017-ல் வந்தவை; 2024-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் மறுபடி போடப்பட்டவை) மத்தியில் உள்துறைச் செயலாளரும் மாநிலத்தில் உள்துறைச் செயலாளரும்தான் உத்தரவு போடலாம். தவிர்க்க முடியாத நிலையில், அதிகாரம் கொடுக்கப்பட்ட இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் போடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் செயலாளர் உறுதி செய்யாவிட்டால் அது செத்துப்போகும். 15 நாளுக்கு மேல் ஒரே உத்தரவு நிற்காது.

தொற்றுநோய்ச் சட்டத்தில் மாநில அரசு 'எந்த நபருக்கும்' அதிகாரம் கொடுக்கலாம் என்று இருக்கிறது. எந்த நபருக்கும் என்பதால் எல்லா நபருக்கும் என்று ஆகிவிடாது. அரசு கொடுத்தது எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கியவர் அதை வேறொருவருக்குக் கைமாற்ற அந்த எழுத்திலேயே இடம் இருக்க வேண்டும்.

படி 6: தெருவில் நிற்கும்போது

கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரம் தடை உத்தரவு போடும் அதிகாரத்தைவிட அகலமானது. பி.என்.எஸ்.எஸ்.-ன் 148-வது பிரிவின்படி எந்த நிர்வாக நடுவரும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும், அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவலரும் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையச் சொல்லலாம். அதாவது 163 போட முடியாத வட்டாட்சியர் இங்கே உத்தரவிடலாம். தலைமைக் காவலர் முடியாது. இராணுவத்தை இறக்குவது 149-ல் வருகிறது: மாவட்ட நடுவரோ அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ சம்பவ இடத்தில் இருந்து சொல்ல வேண்டும். நடுவர் யாரையும் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில் மட்டும் இராணுவ அதிகாரி தானாகச் செயல்படலாம், தொடர்பு கிடைத்ததும் நடுவரைக் கேட்க வேண்டும்.

இந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2018 மே 22 தூத்துக்குடி காட்டியது. 13 பேர் இறந்த அந்தச் சம்பவங்களில், சுட உத்தரவிட்டவர்கள் என்று பதிவுகளில் வந்தவர்கள் நிர்வாக நடுவர்களாகப் பணியில் இருந்த துணை வட்டாட்சியர்கள். யார், எங்கே நின்று, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதே அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் முக்கியக் கேள்விகளில் ஒன்றாயிற்று. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. புதிதாக வருவாய்த் துறைக்கு வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தோபஸ்துப் பணிக்கு அனுப்பப்பட்டால், எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு நடுவராக நியமித்தார்கள் என்ற உத்தரவு நகல் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

ஆர்ப்பாட்டத்தில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விடுவது நமக்குப் பழகிப்போனது. அதன் பின்னால் இருப்பது 170-வது பிரிவு: பிடியாணை இல்லாமலேயே கைது செய்யக்கூடிய வகைக் குற்றத்தைத் தடுக்க வேறு வழி இல்லையென்றால் போலீஸ் பிடித்து வைக்கலாம், 24 மணி நேரம்வரை. தடை உத்தரவை மீறினார் என்ற வழக்கு வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 188). ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். மீறலால் உயிர், உடல்நலம், பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால் ஓராண்டு அல்லது 5,000 ரூபாய். இந்த வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 215). போலீஸ் தானே முதல் தகவல் அறிக்கை போட்டு நடத்த முடியாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் விரிவாகச் சொல்லி வழிமுறைகளும் தந்தது. இதுவும் யார் கையெழுத்து என்ற கேள்விதான், வேறு தாளில்.

படி 7: தவறென்று தோன்றினால்

தடுப்புக் கம்பிக்கு அருகில் நின்று சட்டம் பேசாதீர்கள். உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லும்வரை அது செல்லும் என்றே அங்கே நிற்கும் காவலர் நடந்துகொள்வார். அவரிடம் ஜெயிக்க எதுவும் இல்லை. எந்தப் பிரிவு, யார் போட்டது, நகல் எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

163 உத்தரவு என்றால் முதல் வழி போட்டவரிடமே மனு. பாதிக்கப்பட்ட யார் வேண்டுமானாலும் உத்தரவை நீக்கவோ மாற்றவோ கேட்கலாம். மனு வந்தால் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச விரைவாக வாய்ப்புக் கொடுக்க வேண்டும்; நிராகரித்தால் காரணத்தை எழுத வேண்டும். கோட்டாட்சியர் போட்டதை மாவட்ட நடுவரும் மாற்றலாம். இந்த மனுவை வழக்கறிஞர்களே பல சமயம் தாண்டிப் போவார்கள். நான் தாண்ட வேண்டாம் என்பேன்: கடைக்கு வழி விட வேண்டும், கல்யாண ஊர்வலத்துக்கு விலக்கு வேண்டும் என்பது போன்ற சின்னக் கோரிக்கைகள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும், காரணம் எழுதிய நிராகரிப்பு கையில் கிடைக்கும்.

அதற்கு மேல் செசன்ஸ் நீதிமன்றத்தில் சீராய்வு, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. பேரிடர்ச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவு என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பணத்தையும் நாளையும் வீணாக்காதீர்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர வேறெங்கும் எடுக்கக் கூடாது என்று 71-வது பிரிவு அடைத்துவிட்டது. ரிட் மனுவோடு உத்தரவின் நகல், அது ஒட்டப்பட்ட இடத்தின் படம், நீங்கள் கொடுத்த மனு, அதன் முத்திரை நகல் நான்கும் இருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்தது. நகல் தர மறுத்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். அதில் உத்தரவின் நகலை மட்டும் கேட்காமல், அதற்கு அடிப்படையான காவல் துறை அறிக்கையையும், கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் கொடுத்த அரசாணையின் எண்ணையும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.